சாக்கடைக் காப்பியும் அயற்கூற்றும்

செயப்பாட்டுவினையைக் கண்டுபிடித்தவர் கட்டாயம் என்னைப் போல ஒரு கோழையாகத்தான் இருந்திருப்பார். ‘கண்ணாடியை உடைத்தேன்’ என்றால் அடி விழும். ‘கண்ணாடி உடைக்கப்பட்டது’ என்றால் உடைத்தவனும் சேர்ந்து உச்சுக்கொட்டலாம்.

இந்த வசதியை நாற்பத்தெட்டு வயதில் நான் இங்கிலீஷில் கற்க வேண்டி வந்தது. போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் காயைத் தரம் பிரிக்கும் இடத்தில் மேற்பார்வை எனக்கு. வெளிநாட்டு மெயிலுக்குப் பதில் எழுத ஆள் இல்லையே என்று முதலாளி வருந்தியபோது, “நான் இருக்கேன்ல” என்று சொல்லிவிட்டேன். (வாய்தான்.) பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. டீச்சருக்கு என் மகள் வயதுதான். அவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாலே நான் நோட்டை மூடிவிடுவேன்.

அந்த வாரம்தான் நானும் மனைவியும் மகளுக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க ராசிங்காபுரம் போய்வந்தோம். நல்ல குடும்பம், மலையில் ஏலத்தோட்டம். பையனும் பெண்ணும் போனிலேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவர்கள் வந்து உறுதி செய்வதாகப் பேச்சு. பையனின் அப்பாவிடம் என் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே அளந்தேன். திரும்பும் பஸ்சில் மனைவி சொன்னாள்:

“அது காப்பியா, சாக்கடைத் தண்ணி. அந்த வீட்ல எம்புள்ள எப்படிப் பொழைக்கும்?”

வீட்டுப்பாடம் என்னவென்றால், வீட்டார் பேசிக் காதில் விழுந்த இரண்டு வாக்கியங்களை அயற்கூற்றாக, அதாவது இன்னார் இன்னது சொன்னார் என்று, எழுதிவர வேண்டும். வேறு வாக்கியமே கிடைக்காதது போல இதையே எழுதினேன். சாக்கடைக்கான இங்கிலீஷ் வார்த்தையை அகராதியில் தேடி எடுத்த பெருமை வேறு.

ஞாயிறு காலை வகுப்பு தொடங்கியதும் வாசலில் ஒரு குரல்.

“என்ன சம்பந்தி, இடம் இருக்கா?”

பையனின் அப்பா.

“நீங்க சொன்னதுல இருந்து ஒரே ஆசை. வரப்போற பேரன் இங்கிலீசுலதான பேசுவான்? வெரசா கத்துக்கிட்டா நல்லதுல்ல?” என்று என்னை ஒட்டி உட்கார்ந்தார்.

“சார், நீங்க வாசிங்க” என்றார் டீச்சர், என்னைப் பார்த்து.

“நோட்டு கொண்டு வரல டீச்சர்.”

“கையில இருக்கறது?”

“இது வேற நோட்டு.”

“அட்டையில ஹோம்வொர்க்குன்னு எழுதியிருக்கே.”

சம்பந்திக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரியாததால்தானே வந்திருக்கிறார் என்று தைரியம் சொல்லிக்கொண்டு, போடிமெட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்காத ஜீப்பு மாதிரி ஒரே மூச்சில் வாசித்து உட்கார்ந்தேன்.

“புதுசா வந்த அண்ணே, இதத் தமிழ்ல சொல்லுங்க பாப்போம்” என்றார் டீச்சர்.

சம்பந்திக்குப் பேசத்தான் வராதாம், வாசித்தால் புரியுமாம். என் நோட்டை வாங்கி, விரல் வைத்து வாசித்தார். “இவரு வீட்டம்மா சொல்லிருக்காக. மாப்ள வீட்டுக் காப்பி... டிட்ச்சுன்னா என்ன டீச்சர்?”

“சாக்கடை.”

“சாக்கடைத் தண்ணி மாதிரி இருந்துச்சாம். அந்த வீட்ல எம்மக எப்படிப் பொழைப்பான்னு கேட்டிருக்காக.”

வகுப்பு சிரித்தது. எனக்கு மகள் வெள்ளிக்கிழமைக்காக இஸ்திரி போட்டு வைத்திருந்த பச்சைப் புடவை கண்முன் வந்து நின்றது. இதை அவளிடம் எந்த வினையில் சொல்வது?

சம்பந்தி உட்காரவில்லை. “டீச்சர், அந்தக் காப்பியப் போட்டது நாந்தான்.”

டீச்சர் முகம் மலர்ந்தது. (அவருக்கு அது உதாரணம்.) உடனே செயப்பாட்டுவினையாக்கிப் பலகையில் எழுதி, எல்லோரையும் மூன்று முறை சொல்லச் சொன்னார். ‘த காபி வாஸ் மேட் பை மீ’ என்று முப்பது பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டோம். நான்தான் உரக்கச் சொன்னேன்.

படியிறங்கும்போது அவரே பேசினார். “பொண்ணு வீட்டுக்காரக வர்றாகன்னதும் எங்க வீட்டுக்காரிக்குக் கையெல்லாம் நடுக்கம். உங்க வீட்டம்மா பாத்த பார்வையில அது இன்னும் கூடிருச்சு. அதான் நான் அடுப்படிக்குப் போனேன்.”

“வெள்ளிக்கிழமை...” என்றேன்.

“வர்றோம். காப்பி நல்லா இருக்கணும்.”

கல்யாணம் முடிந்து மூன்று வருடமாகிறது. பேரன் இன்னும் எந்த மொழியிலும் பேச ஆரம்பிக்கவில்லை. நாங்கள் ராசிங்காபுரம் போகும்போதெல்லாம் சம்பந்தியே காப்பி போட்டுக் கொண்டுவந்து என் மனைவி முன்னால் வைத்து, அங்கேயே நிற்பார்.

“எப்படி இருக்கு தங்கச்சி?”

மனைவி முதலில் என் சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு ஒரு சொட்டு விடாமல் குடித்து முடிப்பாள்.