டிக்கிக்குள் எட்டு மூட்டை அரிசி

ஒஸ்லோவின் பனியை அரிசியால் வென்ற ஒரே மனிதர் எங்கள் வீ-எய்ட் அண்ணைதான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒஸ்லோவின் ஹவுகெட்டோப் பகுதியில் நாங்கள் எல்லோரும் சின்னச் சின்னக் கார்கள் வைத்திருந்தபோது, அவர் மட்டும் அறுபதுகளில் செய்த செவெல் என்ற அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி வந்தார். கல்யாண வீடோ செத்த வீடோ, அவருக்கு ஒரே கதைதான்.

"தம்பி, இது முதல்லை குடும்பக்காரருக்கெண்டு செய்த நடுத்தரக் கார். பிறகு அமெரிக்கக்காரன் பெரிய காரின்ரை வீ-எய்ட் இஞ்சினைத் தூக்கி இதுக்குள்ளை வைச்சான். அதுதான் மசில் கார்! தெரியுமே?"

தெரியும். செத்த வீட்டில் பெட்டிக்குள் படுத்திருந்தவருக்கும் தெரியும்.

அந்தக் காரில் பாரமெல்லாம் முன்னால், தள்ளுவதோ பின்சில்லு. பனி விழுந்தால் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். பின்பக்கம் பாரமாக இருக்கட்டும் என்று நோர்வேக்காரர் டிக்கிக்குள் மணல் மூட்டை வைப்பார்கள். "தின்ன ஏலாத சாமானை ஏன் காவுவான்?" என்று அண்ணை குறொன்லாண்ட் கடைத்தெருவில் எட்டு மூட்டை அரிசி வாங்கி ஏற்றினார். டிக்கிக்குப் பூட்டுக் கிடையாது. அரிசி முடிந்தவர்கள் போய் எடுக்கலாம். அகப்பட்டால் மட்டும் இஞ்சின் வரலாறு முழுவதையும் கேட்கவேண்டும்.

அவருடைய மனைவி புவனம் அக்கா அந்தக் காரில் ஏறியதே இல்லை. "பொங்கல் விழாவுக்கு மண்டபத்துக்குப் போற மேட்டிலை இது ஏறாட்டி வித்துப்போடோணும்" என்று கட்டளையும் போட்டுவிட்டார்.

பொங்கலன்று பனி கொட்டியது. மேட்டடியில் ஊரே கூடி நின்றது. இஞ்சின் உறுமியது. பாதி மேடு ஏறிய கார் அப்படியே வழுக்கி எங்கள் காலடிக்கு வந்து சேர்ந்தது. மூன்று தரம். அண்ணை டிக்கியைத் திறந்தார். ஒரு மூட்டைகூட இல்லை. பொங்கலுக்கென்று முதல் நாளே எல்லோரும் எடுத்துவிட்டோம். கடைசி மூட்டையை எடுத்த பாவி நான்தான்.

அண்ணை எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. மனைவியிடம் திரும்பி, "சரியப்பா, விக்கிறன்" என்றார்.

அந்தக் குரலை அக்காவால் தாங்க முடியவில்லை. சடாரென்று கார்க் கதவைத் திறந்து பின் சீற்றில் ஏறி உட்கார்ந்தார்.

"அரிசி எடுத்த ஆக்கள் எல்லாரும் ஏறுங்கோ! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

அக்காவோடு மூன்று பேர் நெருக்கியடித்து ஏறினார்கள். நானும் இன்னொருவரும் டிக்கிக்குள், மூட்டைகள் இருந்த இடத்தில் குந்தினோம். பின்சில்லு பனியைக் கவ்வியது. கார் ஒரே மூச்சில் உச்சிக்குப் போய் நின்றது. கைதட்டல் அடங்கவே இல்லை. எல்லோரும் இறங்கினோம், அக்காவைத் தவிர.

"இஞ்சேருங்கோ, இன்னொருக்கால் ஏத்துங்கோ பாப்பம்."

இன்று என் கார் எந்தப் பனியிலும் தானாகவே ஏறும். ஆனாலும் முதல் பனி விழுந்ததும் டிக்கியில் ஒரு மூட்டை அரிசி போட்டுவைக்கிறேன். கேட்பவர்களிடம் பாரத்துக்கு என்று சொல்வேன். உண்மையில் அது அண்ணை மேல் வைத்த பிரியம்.