சம்பந்தி மேளம்

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு ஏற்ற இடம் ஒன்று உண்டென்றால் அது சாவு வீடுதான். கல்யாண வீட்டில் யாராவது பிடித்து நிறுத்தி, பையன் என்ன படிக்கிறான், சொந்தமாக இடம் வாங்கியாச்சா என்று கேட்பார்கள். சாவு வீட்டில் அந்தத் தொல்லை கிடையாது. வாசலில் இருப்பவர்களிடம் கையை நீட்டிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்றுகூடச் சொல்லக் கூடாது என்பது முறை. என்னைப் போன்ற ஒருவன்தான் இந்த முறைகளை எல்லாம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் நான் என் ஆயுளிலேயே மிகப் பெரிய சத்தத்தை உண்டாக்கினேன்.

தாராவியில் எனக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. கடையில் நான் பேசுவதைவிடப் பாத்திரங்கள் பேசுவது அதிகம் என்பாள் என் மனைவி கோமதி. பம்பாய் வந்து இத்தனை வருடத்தில் நான் அதிகமாகப் பயன்படுத்திய இந்திச் சொல் ‘சலேகா’. பரவாயில்லை, ஆகட்டும், போதும், ஓடும் என்ற எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். டீயில் சர்க்கரை குறைவு, சலேகா? சலேகா. முடியைக் கொஞ்சம் ஒட்ட வெட்டிவிட்டேன், சலேகா? சலேகா. (ஒரு தடவை பாதி மீசை போயிற்று. அதுவும் சலேகாதான்.) வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், காரணம் சொல்ல வேண்டும். சலேகா என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

என் கார் பழைய கார். முதலில் வைத்திருந்தவர் பாட்டுப் பிரியராம். கம்பெனியிலேயே மாட்டிவந்த செட்டும், அதற்கென்று சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபையரும் இருந்தன. என்னிடம் வந்தபோது வலது பக்க ஸ்பீக்கர் பேசுவதை நிறுத்தியிருந்தது. இடது பக்கம் கரகரக்கும். வலது பக்கம் உட்காருபவன் நான் என்பதால் எனக்குக் குறை எதுவும் இல்லை.

என் மகள் செல்விக்கு அப்போதுதான் வரன் பேசி முடித்திருந்தோம். பையனுக்கு ஐரோலியில் வேலை, குடும்பம் செம்பூரில். வாய்ப்பேச்சு முடிந்துவிட்டது, வெற்றிலைத் தட்டு மட்டும் இன்னும் மாற்றவில்லை. செல்வியும் பையனும் அதற்குள் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். பேசாத குடும்பத்தில் பிறந்த குறையை எல்லாம் அவள் ஒரே மாதத்தில் தீர்த்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளை வீட்டாளுவ ஏறி உக்காருத வண்டி,” என்றாள் கோமதி. “பாட்டு போட்டா எலி பிராண்டுத மாதிரி கெடக்கு. போயி நல்லதா ஒண்ணு மாட்டிட்டு வாங்க.”

போனேன். காட்கோபரில் சலீம் பாய் என்பவரின் கடை. அவர் டாஷ்போர்டைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். புது செட் கம்பெனி ஆம்ப்ளிஃபையரோடு ஒத்துப்போகாது, இரண்டையும் கழற்றிவிடலாம், சலேகா? சலேகா. புது ஆம்ப்ளிஃபையரில் நாலு ஸ்பீக்கருக்கு இடம் இருக்கிறது, இரண்டு சும்மா கிடக்கும், டிக்கியில் ஒரு பேஸ் பெட்டி வைத்துவிடுகிறேன், சலேகா? சலேகா. அந்தப் பெட்டி ஒரு சின்னப் பீரோ அளவு இருந்தது. உங்கள் பேட்டரி கொஞ்சம் சிறிசு, சலேகா? அதுவும் சலேகா.

கடைசியாக, சாவியோடு போகும் வயர் கிடைக்கவில்லை, டைரக்டாகக் கொடுத்துவிடட்டுமா என்று உள்ளே இருந்து தலையை நீட்டிக் கேட்டார். “அண்ணா, சாவி கா லைன் நஹீ மில் ரஹா. டைரக்ட் தே தூம்? சலேகா?”

டைரக்ட் என்ற சொல்லின் மேல் பம்பாய்க்காரர்களுக்குத் தனி மரியாதை உண்டு. தாதரில் இறங்கி மாற வேண்டாம் என்றால் அந்த ரயில் டைரக்ட். எந்த ஊருக்கானாலும் டைரக்ட் வண்டியில் இடம் கிடைத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுவோம். ஆகவே இதுவும் எங்கும் மாறி ஏறாமல் நேராக வருகிற உயர்ந்த ரக கரண்ட் என்று எடுத்துக்கொண்டேன்.

“சலேகா,” என்றேன், சற்று உற்சாகமாகவே.

சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாலும் இனி இந்த செட் அணையாது, அதை அதன் பொத்தானிலேயேதான் அணைக்க வேண்டும் என்று அவர் சொன்னார் என்பது எனக்கு விளங்கவில்லை. (விளங்கியிருந்தாலும் சலேகா என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.)

சோதித்துக் காட்ட அவர் இலவசமாகக் கொடுத்த பென் டிரைவைச் சொருகினார். பிள்ளையார் கரைக்கும் ஊர்வலத்துக்காக டிஜே டிங்கு என்ற யாரோ ஒருவர் கலந்து வைத்த பாட்டு. பாட்டைவிட அவர் தன் பெயரைச் சொல்லிக்கொள்வதுதான் அதில் அதிகம். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சலீம் பாய் எந்த இடத்தில் கை வைத்து அணைத்தார் என்பதைக்கூடக் கவனிக்காமல், சொருகிய பென் டிரைவோடு வண்டியை எடுத்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் செம்பூரிலிருந்து போன் வந்தது. பையனின் தாத்தா இறந்துவிட்டார். தொண்ணூறைத் தாண்டியவர், தூக்கத்திலேயே போய்விட்டார்.

கோமதி போனை வைத்தாள்.

“பேசி முடிச்ச நேரம் சரியில்ல, பெரியவரு போயிட்டாருன்னு எவளாவது ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். நம்ம பிள்ளை தலையிலதான் வந்து விடியும்.”

உள்ளறையிலிருந்து செல்வியின் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. தாத்தாவுக்காக அவ்வளவு அழ அவளுக்குக் காரணம் இல்லை. போன மாதம் எங்கள் தெருவிலேயே இப்படி ஒரு சாவைக் காரணம் காட்டி ஒரு சம்பந்தம் நின்றுபோயிருந்தது.

“அங்க வந்து நீங்க வாயே தொறக்காதீங்க,” என்றாள் கோமதி. “சும்மா உக்காந்துட்டு எந்திரிச்சு வந்துருவோம்.”

என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

கோமதி ரோஜா மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செம்பூர் நெருங்கும்போது ஒரு வேகத்தடையில் வண்டி குதித்தது. மாலையிலிருந்த தண்ணீர் புது செட்டின் தொடுதிரைக் கண்ணாடியில் தெறித்தது. புதுப் பொருளாயிற்றே என்று அவள் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. ஒரு நீல வட்டம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

“ஏங்க, என்னமோ சுத்துது.”

“வண்டிய அணைச்சா அணைஞ்சிரும்.”

பையன் வீட்டார் குடியிருக்கும் கட்டிடத்தின் முற்றத்திலேயே ஐஸ் பெட்டியை வைத்திருந்தார்கள். சுற்றிலும் நாற்காலிகள். வேறு இடம் இல்லாததால் வாட்ச்மேன் என் வண்டியைக் கேட்டுக்கு உள்ளே, பெட்டிக்குப் பத்தடி தள்ளி நிறுத்தச் சொன்னான். சாவியை எடுத்து இறங்கிப் பூட்டினேன். உள்ளே நீல வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. களைத்து அதுவாகவே நின்றுவிடும் என்று நினைத்தேன்.

கோமதி மாலையைச் சாத்தினாள். நான் பையனின் அப்பா சுடலைமணியிடம் கையை நீட்டிவிட்டு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து தரையைப் பார்க்க ஆரம்பித்தேன். அருமையாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு டிஜே டிங்கு தன் பெயரைச் சொன்னார்.

அதன் பின்னால் வந்த சத்தத்தைக் காது கேட்டது என்று சொல்ல முடியாது. நாற்காலியின் கால் வழியாக வந்தது. ஐஸ் பெட்டியின் கண்ணாடி நடுங்கியது. பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து ஓடினேன். (பார்த்தவர்கள் அதைப் பாய்ந்தேன் என்றே சொல்கிறார்கள்.) கதவைத் திறந்து சாவியைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். பாட்டு அதைச் சட்டையே செய்யவில்லை. கண்ணாடியில் தெரிந்த எழுத்துகள் சீன மொழியில் இருந்தன. கை வேர்த்திருந்தது. கிடைத்த இடத்தில் எல்லாம் அமுக்கினேன். ஒரு அமுக்கில் பேஸ் கூடிற்று.

பேட்டரி வயரைக் கழற்றிவிடலாம் என்று தோன்றியது. அதற்கு ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் டிக்கியில், பேஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்தது.

டிக்கியைத் திறந்தேன்.

அதுவரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது மூடி போட்ட சத்தம் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. இரண்டாவது மாடியிலிருந்து, கட்டிடத்தில் குடியிருப்போர் சங்கமான சொசைட்டியின் செயலாளரான மராட்டி அம்மாள் போலீஸுக்குப் போன் செய்யப்போவதாகக் கத்தினார். வாட்ச்மேன் என் முன்னால் வந்து நின்றான்.

“பாவூ, யே இதர் நஹீ சலேகா.”

அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘நஹீ’ சேர்த்து, ஆகாது என்றும் சொல்ல முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கோமதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வியின் கல்யாணம் அந்தப் பெட்டிக்குள்ளேயே படுத்துவிட்டது போல இருந்தது அவள் முகம்.

அந்த வீட்டில் விடிந்ததிலிருந்து ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வயதாகிப் போனவரை மேளம் இல்லாமல் எடுப்பது பெரிய குறை. மேளம் வேண்டும் என்று சுடலைமணி கேட்டிருக்கிறார். சொசைட்டி முடியாது என்றிருக்கிறது. அந்த மேளத்தைச் சொல்லி அனுப்புவது சம்பந்தி வீட்டாரின் முறை என்பதும், பொண்ணு வீட்டார் வெறும் மாலையோடு வருகிறார்களே என்று இரண்டு பேர் முணுமுணுத்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

இறந்தவரின் தம்பி தங்கையா மாமா என் வண்டியை நோக்கி வந்தார். எண்பதுக்கு மேல் வயது. காலையிலேயே கொஞ்சம் தொண்டையை நனைத்திருந்தார்.

“யாருவே மேளம் சொன்னது?”

“பேசி வச்சிருக்க பொண்ணு வீட்டுக்காரரு,” என்றது ஒரு குரல்.

“அப்படிப் போடு. மொறை தெரிஞ்ச மனுசன்வே.” தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஐஸ் பெட்டிக்கு முன்னால் போய் அண்ணனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு ஆட ஆரம்பித்தார். கூட இன்னும் நாலு பேர் இறங்கினார்கள்.

சுடலைமணி என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அண்ணாச்சி, இது நீங்க கொண்டாந்ததா?”

வண்டி நான் கொண்டுவந்தது. டிஜே டிங்குவை நான் கொண்டுவரவில்லை. இந்த வித்தியாசத்தை விளக்க அந்தச் சத்தத்தில் ஐந்தாறு வாக்கியமாவது பேச வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

கோமதி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னாள்: “ஆமா அண்ணாச்சி. சேதி கேட்ட ஒடனே இவிய காட்கோபருக்கு ஓடிட்டாவ. ஆளு வச்சு அடிச்சாத்தான சொசைட்டிக்காரனுவ மறிப்பானுவ, வண்டியில மாட்டிக் கொண்டுபோயிருவோம்னு.”

முப்பது வருடமாக என்னோடு வாழ்கிறவள். இப்படியும் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

சுடலைமணி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். “எங்கப்பாவ சத்தமில்லாம தூக்கிட்டுப் போன்னு சொல்லிட்டானுவ அண்ணாச்சி.” நான் தரையைப் பார்த்தேன்.

அவர் நகர்ந்த பிறகு பையன் வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். கம்ப்யூட்டர் படித்தவன்.

“மாமா, சாவி இல்லாமலே ஓடுதா?”

“ஆமா.”

“அமத்தத் தெரியலையா?”

“இல்ல.”

அவன் கண்ணாடியில் ஒரு இடத்தில் விரலைக் கொண்டுபோனான். பிறகு ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டான்.

“இருக்கட்டும் மாமா. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

சின்ன பேட்டரி அரை மணி நேரம்போலத் தாக்குப்பிடித்தது. டிங்கு தன் பெயரில் பாதியைச் சொல்லும்போது நின்றார். முற்றத்தில் திடீரென்று வந்த அமைதியில் தங்கையா மாமா ஒரு காலைத் தூக்கியபடி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. போலீஸ் வரவில்லை. ஆனால் சாவு வண்டி வந்துவிட்டது. அது உள்ளே வர வழியில்லாமல் என் கார் உயிரற்று நின்றது. ஆடிய ஐந்து பேரும் சேர்ந்து அதைத் தள்ளித் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். ஊர்வலம் அந்த வரிசையில்தான் கிளம்பிற்று: முதலில் நான், அப்புறம் அவர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சுடலைமணி எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டு மாற்ற நாள் பார்க்க வேண்டும் என்று கோமதி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

“தட்டு எப்ப வேணாலும் மாத்திக்கிடலாம் மைனி,” என்றார் அவர். “சம்பந்தி மேளமே வந்து எறங்கிட்டு. இனிம வேண்டாம்னு எவன் சொல்லுவான்?”

செல்வி கல்யாணம் மாட்டுங்காவில் நடந்தது. நாதஸ்வரக்காரர்கள் கொஞ்சம் ஓய்வெடுத்தபோது பையன் வீட்டுப் பக்கத்திலிருந்து “அண்ணாச்சி வண்டிய எடுத்துட்டு வாங்கவே” என்று ஒரு குரல் வந்தது. மண்டபமே சிரித்தது. நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன்.

இப்போது இரண்டு குடும்பத்திலும் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் டாக்டரைக் கேட்பார்கள், அடுத்ததாக என் வண்டி ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்று கேட்பார்கள். தங்கையா மாமா மட்டும் உடம்பு நன்றாக இருக்கும்போதும் கேட்பார். போன மாதம் கடைக்கே வந்துவிட்டார். ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“மருமவனே, எங்கண்ணனுக்குப் பாதியில நின்னு போச்சு. எனக்கு அப்படி ஆயிரப்படாது பாத்துக்கிடும். சுடுகாடு வரைக்கும் கேக்கணும்.”

நான் தலையை ஆட்டினேன். மறுநாளே போய்ப் பெரிய பேட்டரி போட்டுவிட்டேன்.