உங்கள் மாப்பிள்ளையை ரம்மியிலிருந்து மீட்ட விவரம்

எல்லையில் நாட்டைக் காக்கும் அண்ணன் ஐயாதுரை அவர்களுக்கு, இராஜபாளையத்தில் வீட்டைக் காக்கும் தங்கை வேலுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மகள் கார்த்திகாவும் சுகம். உங்கள் மாப்பிள்ளையும் சுகம். இந்தக் கடைசி வரியை மனசறிந்து எழுதி எம்புட்டு நாளாச்சு! ஜெயிச்சுட்டேன் அண்ணே.

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்ததும் போனோடு குளியலறைக்குள் போவார். தண்ணீர் விழும் சத்தமே கேட்காது. சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவார். தூக்கத்தில் "ஜோக்கர், ஜோக்கர்" என்று புலம்பினார். காத்து கருப்பு அண்டிவிட்டது என்று பயந்து, கூமாப்பட்டிக்குக் கூட்டிப்போய் மந்திரித்துத் தாயத்துக் கட்டினேன். "ராசியான தாயத்துட்டீ" என்று மறுநாளே போனை எடுத்து என் கண் முன்னால் காசு கட்டி ரம்மி ஆட ஆரம்பித்துவிட்டார். பேயின் பேர் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்ததா? ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆண்டாள் கையிலிருந்த இலைக்கிளியைப் பட்டரிடம் வேண்டி வாங்கிவந்து, "தாயே, இவருக்கு நல்ல புத்தி குடு" என்று வீட்டில் வைத்தேன். மனுஷன் கிளியைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து ஆடினார். அன்று பார்த்து ஜெயித்தும் தொலைத்தார்! "ஏட்டி, அடுத்த வாரமும் ஒரு கிளி வாங்கிட்டு வா"ன்னு என்கிட்டயே சொல்லுதாரு. அடுக்குமா அண்ணே இது?

பொறவு தோல்விமேல தோல்வி. மில்லுக்கு மட்டம், வீட்ல சண்டை. கார்த்திகா பிறந்தநாளைக்குக் கேக்கை வச்சுக்கிட்டு பிள்ளை நிக்குது, இவரு "இந்த ஒரு ஆட்டம், இந்த ஒரு ஆட்டம்"ங்காரு. அவ கத்தியைக் கீழ வச்சுட்டு, "எனக்குக் கேக் வேண்டாம்மா, அப்பா வேணும்"னு அழுதா. இனிமே தாயத்துமில்ல, கிளியுமில்லன்னு அன்னைக்கே மனநல உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அவிய சொன்னபடி ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆலோசனைக்குக் கூட்டிட்டுப் போனேன். பஸ்ல ஏறுற வரைக்கும் "எனக்கென்ன பைத்தியமா"ன்னு ஒரே சத்தம்.

அங்க ஷெரின்னு ஒரு ஆலோசகர். தங்கமான பொண்ணு. இவரைப் பாத்து, "அண்ணே, இது பேயுமில்ல, கெட்ட குணமுமில்ல. சூதாட்ட நோய். குணப்படுத்தலாம். மறைக்கிறது, எரிஞ்சு விழுறது எல்லாமே அடையாளந்தான். பெரிய அடையாளம் எது தெரியுமா? ‘விட்டதைப் பிடிக்கணும்’னு தோணும் பாருங்க, அதுதான்"னுச்சு. உங்க மாப்பிள்ளை பொலபொலன்னு அழுதுட்டாரு. "நிறுத்தணும்னு எனக்கும் ஆசைதாம்மா, முடியலயே"ன்னாரு. அப்படிச் சொன்னதே பாதி வைத்தியம்னு அந்தப் பொண்ணு கை குடுத்துச்சு. வந்த கையோட ரம்மியை அழிச்சு, போனையும் மகள்கிட்டக் குடுத்துட்டாரு. இப்ப பட்டன் போன்தான். வெள்ளிக்கிழமை ஆனா ஆலோசனைக்கு அவரே முதல்ல கிளம்பி நிக்காரு. நேத்து மகளும் அப்பாவும் ஒரே தட்டுல தோசை பிச்சுத் தின்னதைப் பாத்து அடுப்படியில நின்னு அழுதேன் அண்ணே, சந்தோஷத்துல.

குளிரில் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். உங்கள் துப்பாக்கிக்கு வேலை வராதிருக்க ஆண்டாள் அருள்வாள்.

அன்புத் தங்கை,
வேலுத்தாய்

பி.கு.: "பஸ் ஸ்டாண்டிலேயே மனுஷன் நழுவிருவார்" என்று முதல் வாரம் பக்கத்து வீட்டு அய்யம்மாளிடம் ஒரு கிலோ பால்கோவா பந்தயம் கட்டினேன். நழுவல. தோத்தேன். அடுத்த வாரம் ரெண்டு கிலோ. பாவி மனுஷன் அப்பவும் ஒழுங்காப் போயிட்டார். இந்த வெள்ளிக்கு நாலு கிலோ சொல்லியிருக்கேன். விட்டதைப் பிடிக்காம விடமாட்டேன். விஷயம் எப்படியோ அவர் காதுக்கும் போயிருச்சு. "இந்த வாரம் நான் வெளிய உக்காருதேன், நீ உள்ள போட்டீ"ங்காரு.