கண்ணாடிக்கடைக்காரர் எடுத்த பேட்டி

மனைவியை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவதில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் தீர்மானித்தார். அதை மனைவியிடம் சொல்வதில்லை என்றும் அதே மூச்சில் தீர்மானித்தார். பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவர். அவரா நேருக்கு நேர் மோதுவார்?

அவள் அச்சகத்தில் மேலாளர். நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பவள். எம்.பி.ஏ. படிக்க ஒரு வருடம் கடல் தாண்டிப் போக வேண்டுமாம். அவள் இரண்டு நாள் வெளியூர் போனாலே அவருக்கு பீரோ சாவி கிடைக்காது, தூக்கமும் வராது. சாவி விஷயத்தை வெளியே சொல்லலாம். தூக்க விஷயத்தை எந்த ஆண்பிள்ளை சொல்வான்?

ஆகவே, வெளிநாட்டுக் கல்லூரிகளின் கண்காட்சிக்கு அவரே அவளைக் கூட்டிப் போனார். ஹோட்டல் கூடத்தில் மேசைக்கு மேசை ஒரு கல்லூரி, ஒரு சிரிப்பு, ஒரு இலவசத் துணிப்பை. ஏழு பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"உங்க ஊர்ல குளிர் எப்படிம்மா?"

"மூக்கு மரத்துப் போயிடும் சார்."

"கேட்டியா, மூக்கு."

"கேட்டேங்க. மூடிக்கிட்டாப் போச்சு."

"பாதியில ஓடிப்போனவங்க எத்தனை பேரு?"

மேசைக்காரப் பெண் நெகிழ்ந்து போனாள். "மேடம், இவ்வளவு அக்கறையா விசாரிக்கிற வீட்டுக்காரரை நான் பாத்ததே இல்ல. நீங்க இன்னைக்கே விண்ணப்பம் போட்டுடுங்க."

போட்டாள். பேட்டிக்கு அழைப்பும் வந்தது.

"பேட்டியில என்ன கேப்பாங்களோ தெரியலங்க. நீங்க கொஞ்சம் கேள்வி கேட்டுப் பழக்கி விடுறீங்களா?"

அவர் நெஞ்சுக்குள் மேளம் கொட்டியது. கேள்வி கேட்டே அவளை அழவைத்து ஆசையை விரட்டிவிடலாம். கடையடைத்து வந்ததும் டை கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

"முப்பத்தாறு வயசுல படிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

திணறினாள்.

"உங்களுக்குக் கீழ இருக்கிறவங்க உங்களை என்னன்னு திட்டுவாங்க?"

கண் கலங்கினாள். அன்று அவர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

இரண்டாவது வாரம் அவள் திணறவில்லை. மூன்றாவது வாரம் அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. இன்னும் கொடூரமான கேள்விகளைத் தேடித் தேடிப் படித்ததில் கண்ணாடிக்கடைக்காரருக்கே கண் பூத்துப் போனது.

பேட்டி நாள். கூடத்தில் கணினி முன்னால் அவள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், இணைய இணைப்பின் சுவிட்சில் விரலை வைத்தபடி அவர். கணினியில் பேசியவர் வெளிநாட்டுப் பேராசிரியர். பேச்சும் ஆங்கிலத்தில்தான். ஆனால் மனைவி தன்னைப் பற்றிப் பேசினால் எந்த மொழியிலும் கணவனுக்குப் புரியும்.

"உங்களை எதிர்த்த ஒருவரிடமே வேலை வாங்கியதுண்டா?"

"உண்டு சார். நான் படிக்கப் போகக்கூடாதுன்னு ஒருத்தர் மனசுக்குள்ளயே ஒத்தக்கால்ல நின்னார். அவர்கிட்டயே கேள்வி கேட்டுப் பழக்கச் சொன்னேன். என்னை விரட்டணும்னு இருபத்திமூணு நாள் ஊர்ல இல்லாத கேள்வியெல்லாம் கேட்டார். நீங்க கேக்கிறது அதுல பாதி கஷ்டம்கூட இல்ல."

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவருக்கு இது தெரியுமா?"

"இப்பத்தான் தெரியுது. கதவுக்குப் பின்னாடி நிக்கிறார்."

"நீங்கள் இங்கே வந்துவிட்டால் அவர் என்ன செய்வார்?"

"அவரும்தான் வர்றார். நான் இல்லாம அவருக்குத் தூக்கம் வராது, சொல்ல வெக்கம். கடையை ஒரு வருஷம் பாத்துக்க அவர் தம்பிகிட்ட பேசிட்டேன். உங்க கல்லூரியில குடும்பத்தோட தங்குற வீடு கேட்டும் எழுதியிருக்கேன்."

பிறகு கதவுப் பக்கம் திரும்பினாள். "என்னங்க, அந்த சுவிட்சை விட்டுட்டுக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

பதற்றத்தில் அவர் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார், கணினிக்குள் இருப்பவருக்கும் சேர்த்து.