பதினேழாம் ஆணியில் மூன்றாவது டம்ளர்

குடியை நிறுத்தியதற்கான சான்றிதழ் ஒருவனுக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவன் குடிக்க ஆரம்பிக்கவே இல்லை. கோளாறு இவ்வளவுதான். இதைச் சரிசெய்ய ஒரு துறை, ஒரு குழு, பதினோரு படிவம், நாலு புட்டி தேவைப்பட்டன. அப்படியும் சரியாகவில்லை.

முதலில் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் எதுவும் புரியாது.

எங்கள் இரும்பாலை வாசலுக்கு எதிரே ஒரு மதுக்கடை. பெயர்ப் பலகை கிடையாது. தேவையுமில்லை, சங்கு ஊதினால் கால்களுக்கே வழி தெரியும். உள்ளே நீளச் சுவரில் அறுபது ஆணி. குடும்பத்துக்கு ஓர் ஆணி. ஆணியில் ஒரு கம்பி வளையம், வளையத்தில் காது வைத்த டம்ளர்கள். தாத்தா டம்ளர், அப்பா டம்ளர், மகன் டம்ளர். ஆலைக்காரன் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு முன்னால் கடைக்காரருக்குச் சேதி போய்விடும். அன்றே ஒரு புது டம்ளரை மாட்டிவிடுவார். பிள்ளை பால் டம்ளரைப் பிடிக்கக் கற்பதற்குள் இந்த டம்ளர் தயார். யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை. மரியாதை என்று நினைத்தோம்.

பதினேழாம் ஆணி பச்சைத்தண்ணியின் குடும்பத்துடையது. தண்ணீர் தவிர வேறெதையும் தொடாததால் அவனுக்கு அந்தப் பெயர். ஆலையில் அது பாராட்டு அல்ல.

அவன் தாத்தா உலைக்குக் கரி தள்ளினார். சூட்டுக்காகக் குடித்தார். அப்பா கிரேன் ஓட்டினார். உயரத்துக்காகக் குடித்தார். ஒருநாள் இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்றை லாரியில் இறக்குவதற்குப் பதில் மேலாளரின் காரில் இறக்கினார். மிக மெதுவாக, ஒரு சங்கிலிகூடச் சலசலக்காமல் இறக்கினார் என்று இன்றைக்கும் புகழ்வார்கள். காரில் யாரும் இல்லை. பிறகு காரும் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சூடும் இல்லை, உயரமும் இல்லை. சும்மா இருக்க முடியாமல் குடித்தார். ஆறு வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆறு வருடமும் அப்பாவைக் கடையிலிருந்து தோளில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தவன் பச்சைத்தண்ணிதான். பாரம் தூக்கும் தொழிலில் அவனுடைய முன்அனுபவம் அது. கடைசி நாளன்று அம்மாவின் கையைப் பிடித்து, "நான் தொட மாட்டேம்மா" என்றான். தொடவில்லை. அம்மாவுக்கு அந்தக் கடையிலேயே டம்ளர் கழுவும் வேலை கிடைத்தது. கடைக்காரர் அதை அனுதாபம் என்றார்.

இந்த நிலையில் ஊருக்குக் குடி மீட்பு நலத் துறை வந்தது.

வந்த துறைக்குப் புள்ளிவிவரம் வேண்டும். ஊர் முழுக்கத் தேடியதில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஒரே ஆவணம் மதுக்கடைச் சுவர்தான். எழுத்தர் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு டம்ளரையும் பதிவேட்டில் ஏற்றினார். நூற்று எழுபத்தோரு டம்ளர், ஆகவே நூற்று எழுபத்தோரு குடிகாரர். இதில் நாற்பது பேர் செத்திருந்தார்கள். நாலு பேர் தொட்டிலில் இருந்தார்கள்.

திருந்தியவர்களுக்குத் துறை 'மீண்டோர்' என்று பொறித்த நீலப் பட்டை கொடுத்தது. சட்டையில் குத்திக்கொள்ளலாம். பேருந்தில் முன் இருக்கை. முடிதிருத்தும் கடையில் வரிசை கிடையாது. ஒரே மாதத்தில் அது நாகரிகமாகிவிட்டது. பட்டை இல்லாத சட்டை பொத்தான் இல்லாத சட்டை மாதிரி ஆனது. அதுவரை குடிக்காத நாலைந்து பேர் பட்டைக்காகவே குடிக்க ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர்களில் பாதிப் பேருக்கு நிறுத்த நேரம் கிடைக்கவில்லை. துறை இதை 'பயனாளிகள் எண்ணிக்கையில் வளர்ச்சி' என்று எழுதியது.

அதன்பிறகு விதி ஒன்பது வந்தது. துறையின் கண்காணிப்பாளரே உட்கார்ந்து தன் கைப்பட எழுதியது. 'குடி மரபில் வந்தவர் எவரும், மீண்டோர் சான்றிதழ் பெறாதவரை, பாரம் தூக்கும் எந்திரத்தை இயக்கவோ, பொறுப்புள்ள எந்த ஆவணத்திலும் கையெழுத்திடவோ கூடாது.'

ஆலையில் கிரேன் ஓட்டுநர் இடம் காலியானது. பதினோரு வருடம் கீழே நின்று கொக்கி மாட்டிய பச்சைத்தண்ணிக்குத்தான் அது வரவேண்டும். அவனும் விண்ணப்பத்தோடு துறைக்குப் போனான்.

எழுத்தர் படிவத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன தம்பி இது? குடிக்க ஆரம்பித்த நாள்னு கேட்டா 'இல்லை'ன்னு எழுதியிருக்க. தினசரி அளவு, 'இல்லை'. நிறுத்திய நாள், 'இல்லை'."

"ஆரம்பிக்கவே இல்லை சார்."

"அதெப்படி? பதினேழாம் ஆணி, மூணாவது டம்ளர். நானே ஏணியில ஏறி எழுதினது."

"டம்ளர் இருக்கு சார். நான் குடிக்கல."

"டம்ளர் இருக்குன்னு ஒத்துக்கிற. உங்கப்பா குடிச்சார்னு ஒத்துக்கிற. தாத்தா குடிச்சார்னு ஒத்துக்கிற. நீ மட்டும் குடிக்கலைங்கிற. குடும்பத்துல ஒத்துமை வேணாமா?"

"அப்ப குடிக்காதவன்னு ஒரு சான்றிதழ் கொடுங்க."

எழுத்தர் பரிதாபமாகப் பார்த்தார். "இது குடி மீட்புத் துறை தம்பி. மீட்டாத்தான் சான்றிதழ். நீ விழவே இல்லைன்னா நாங்க எங்கிருந்து தூக்குறது?"

பிறகு குரலைத் தாழ்த்தி வழி சொன்னார். "வெள்ளிக்கிழமை குழு கூடுது. ஆவணத்தை இடம் மாத்தக் கூடாதுன்னு விதி. சுவரைப் பேர்த்து எடுத்து வர முடியாதில்லையா, அதனால கடையிலேயே கூட்டம். வா. குழு முன்னால ஒரே ஒரு டம்ளர். பன்னிரண்டு மணிக்கு ஆரம்பி, பன்னிரண்டு அஞ்சுக்கு நிறுத்து. அஞ்சரைக்குச் சான்றிதழ்."

"வரலைன்னா?"

"இடம் மானேஜரோட மச்சானுக்கு. அவர்கிட்ட மூணு சான்றிதழ் இருக்கு."

"மூணா?"

"மூணு தடவை நிறுத்தியிருக்கார். அனுபவஸ்தர்."

வீட்டில் அம்மா சாதத்தை வடித்துக்கொண்டே கேட்டாள். அவன் விதியை இரண்டு முறை வாசித்துக் காட்டினான்.

"கையெழுத்தும் போடக் கூடாதுன்னா எழுதியிருக்கான்?"

"ஆமா. பாரமும் தூக்கக் கூடாது, கையெழுத்தும் போடக் கூடாது."

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றாள் அம்மா. "இன்னொரு தடவை படி."

படித்தான்.

"ஒரு டம்ளர்தாம்மா" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"உங்கப்பனும் இந்தக் குரல்லதான் சொன்னான். சாப்பிடு."

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் ஈ நுழைய இடமில்லை. ஆலைக்காரர்கள் எல்லோரும் சாப்பாட்டு நேரத்தில் வந்து சுவரோரம் நின்றோம். குழுவில் ஏழு பேர். நடுவில் கண்காணிப்பாளர், ஓரத்தில் எழுத்தர். மேசை மேல் நடவடிக்கைக் குறிப்பேடு. எழுத்தரிடம் ஒரு குணம் உண்டு. காதில் விழுந்ததை எல்லாம் எழுதிவிடுவார். தும்மினால்கூட 'தும்மல்' என்று எழுதுவார்.

"விண்ணப்பதாரருக்குப் பழக்கமில்லை என்று தெரிகிறது. ஆகவே முன்னோடி மீண்டவர் ஒருவர் செய்முறை விளக்கம் அளிப்பார்" என்றார் கண்காணிப்பாளர்.

மானேஜர் மச்சான் எழுந்தார். மார்பில் மூன்று நீலப் பட்டை. ஒரு டம்ளரை ஒரே மூச்சில் விளக்கினார். கூட்டத்துக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு தடவை விளக்கினார். மூன்றாவது விளக்கத்தின்போது உட்கார்ந்துகொண்டார்.

"சரக்கு தரமானதா என்று குழு உறுதி செய்ய வேண்டும்" என்றார் ஓர் உறுப்பினர்.

உறுதி செய்தார்கள். ஒருவருக்கு ஐயம் தீரவில்லை. அவருக்காக எல்லோரும் மறுபடி உறுதி செய்தார்கள். இரண்டாவது புட்டி முதல் புட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். ஒத்துப்போனது. தற்செயலாக இருக்கலாம் என்று மூன்றாவதைத் திறந்தார்கள். மானேஜர் மச்சான் தன் பட்டைகளில் ஒன்றைக் கழற்றிக் கடைக்காரருக்குக் குத்திவிட்டார். ஒரு உறுப்பினர் பச்சைத்தண்ணியைக் கட்டிக்கொண்டு, "உன்னை மாதிரி ஒருத்தனை மீட்கத்தான்டா நான் இந்தத் துறைக்கே வந்தேன்" என்று அழுதார். எழுத்தர் 'அழுகை' என்று எழுதினார். பிறகு நாலாவது புட்டி.

"விண்ணப்பதாரரின் டம்ளரைக் கொண்டு வருக!" என்றார் கண்காணிப்பாளர்.

அம்மாதான் கொண்டு வந்தாள். பதினேழாம் ஆணியிலிருந்து எடுத்து மேசையில் கவிழ்த்தாள். உள்ளிருந்து ஒரு மண் உருண்டை விழுந்தது.

"என்னம்மா இது?"

"குளவிக் கூடு. என் மகன் டம்ளர்ல குடியிருந்தது அது ஒண்ணுதான். இந்த டம்ளரை நான் ஒருநாளும் கழுவினதில்லை. கழுவ வேலையே வந்ததில்லை."

சுவரோரம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பச்சைத்தண்ணி முதல்முறையாக நிமிர்ந்தான்.

கண்காணிப்பாளர் குளவிக் கூட்டைப் பென்சிலால் தட்டிப் பார்த்தார். "நீங்க விண்ணப்பதாரருக்கு என்ன வேணும்?"

"பெத்தவ."

"ரத்த சம்பந்தம் உள்ளவர் சாட்சி செல்லாது."

"ஏன் சார், ரத்தத்துல குடி மட்டும்தான் வருமா? உண்மை வராதா?"

"விதி நாலு."

"சரி. மகனுக்குச் சொல்லக் கூடாது. சொந்தமில்லாதவங்களுக்குச் சொல்லலாமா?"

"தாராளமாக. சொந்தமில்லாதவர் சாட்சிதான் சிறந்த சாட்சி." கண்காணிப்பாளர் பெருந்தன்மையாகக் கையை வீசினார். ஒரு புட்டி உருண்டது.

அம்மா கல்லாவுக்குப் பின்னால் போய் அங்கே தொங்கிய திரையை விலக்கினாள். அங்கே ஒரு பலகை. பலகையில் ஏழு கண்ணாடி டம்ளர்கள், பளபளவென்று. ஆணியில் தொங்குவது கௌரவக் குறைவு என்பதால் பலகையில் இருந்தன.

"இது கண்காணிப்பாளர் ஐயாவோடது. மத்தியானம் ஒண்ணு, வீட்டுக்குப் போகும்போது ரெண்டு. பக்கத்துல இருக்கிற பழைய கிண்ணம் அவங்க அப்பாவோடது. அவரும் ஆபீஸ்காரர்தான், திரைக்குப் பின்னாலதான் குடிப்பார். இது, இப்ப அழுதீங்களே, உங்களோடது. வெள்ளிக்கிழமை மட்டும்தான், ஆனா வியாழக்கிழமையே வந்துடுவீங்க. இது..."

"நிறுத்தும்மா!"

"இவங்கல்லாம் எனக்குச் சொந்தமா சார்?"

"இல்லை, ஆனால்..."

"அப்ப செல்லும்." அவள் அடுத்த டம்ளரை எடுத்தாள். "இதோ, கடைசில இருக்கிறது எழுத்தர் தம்பியோடது. ரெண்டு தலைமுறை. அவங்க மாமாவும் வருவார்."

எழுத்தர் தலை நிமிராமல் எழுதினார். 'ஏழாவது டம்ளர், எழுத்தர், இரு தலைமுறை, மாமா உட்பட.' அழகான கையெழுத்து.

"அடிச்சிடுய்யா அதை!" என்றார் கண்காணிப்பாளர்.

"அடிக்கக் கூடாது சார். விதி ஏழு. நீங்க எழுதினதுதான்."

"அப்ப விதி ஒன்பதையும் படிங்க" என்றாள் அம்மா.

எழுத்தர் படித்தார். படிக்கச் சொன்னால் படித்துவிடுவார். 'குடி மரபில் வந்தவர் எவரும், மீண்டோர் சான்றிதழ் பெறாதவரை, பாரம் தூக்கும் எந்திரத்தை இயக்கவோ, பொறுப்புள்ள எந்த ஆவணத்திலும் கையெழுத்திடவோ கூடாது.' படித்து முடித்ததும் பேனா நின்றது. அவருக்கு வெளிச்சம் வந்தது.

"சார், அப்ப உங்க கையெழுத்து செல்லாதே."

"எந்தக் கையெழுத்து?"

"எல்லாம் சார். விதி ஒன்பதுக்குக் கீழே இருக்கிறதும்."

 சுவரோரம் நின்ற நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஒருவன் தரையில் உட்கார்ந்தே விட்டான்.

"என்ன சிரிப்பு?" அம்மா எங்கள் பக்கம் திரும்பினாள். "பலகையில ஏழுதான். சுவத்துல எத்தனை? அத்தனையையும் நான்தான் கழுவினேன். உங்க பிள்ளைங்களுக்கும் மாட்டி வெச்சிருக்கீங்க. சிரிங்க."

சிரிப்பு நின்றது. எனக்கு முதலில் நின்றது. என்னுடையது இருபத்து மூன்றாம் ஆணி. அதில் நாலு டம்ளர். நாலாவதன் சொந்தக்காரனுக்கு அப்போது வயது எட்டு மாதம், என் பேரன்.

விதி இல்லாததால் சான்றிதழ் தேவைப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமை பச்சைத்தண்ணி கிரேனில் ஏறினான். முதல் பாரமாக மேலாளரின் காருக்குப் பக்கத்தில் ஒரு தகட்டுக் கட்டை இறக்கினான். சரியாகப் பக்கத்தில். மேலாளர் இப்போது நடந்து வருகிறார்.

துறையை மூடவில்லை. குழுவினர் ஏழு பேரும் மீண்டோர் சான்றிதழுக்குத் தங்கள் துறையிலேயே விண்ணப்பித்திருக்கிறார்கள். கையெழுத்திடத் தகுதியுள்ளவர் யாரும் துறையில் இல்லாததால் ஏழு விண்ணப்பங்களும் நிலுவையில் இருக்கின்றன. மதியம் ஒன்றும், வீட்டுக்குப் போகும்போது இரண்டுமாகக் காத்திருக்கிறார்கள்.

சுவரில் இன்னும் அறுபது ஆணி உண்டு. பிள்ளைகளுக்கென்று மாட்டிய கடைசி டம்ளர்கள் மட்டும் இல்லை. குழு கூடிய அன்று சாயங்காலமே அம்மா அவற்றை ஒரு கூடையில் போட்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் அதில்தான் பேரன் தண்ணீர் குடிக்கிறான்.

துறையின் ஆண்டறிக்கை கையெழுத்து இல்லாமல் வெளிவந்தது. 'துறையின் அயராத முயற்சியால் ஊரில் புதிய தலைமுறைக் குடிகாரர் எவருமில்லை' என்கிறது. முயற்சி துறையுடையதல்ல. எங்களுடையதும் அல்ல. செய்தவள் டம்ளர் கழுவுகிறவள், பச்சைத்தண்ணியின் அம்மா.