நாலு மணிக் காட்சிக்காரர்

மனிதர்களில் சினிமா பார்க்கிறவர்கள், பார்க்காதவர்கள் என்று இரண்டே வகை என்று நினைத்துக்கொண்டிருந்தால், உங்களுக்குத் தென்காசி பழக்கமில்லை என்று அர்த்தம். இங்கே மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் படத்தைப் பார்ப்பதில்லை, முதலில் பார்க்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

இவரை அடையாளம் காண்பது சுலபம். படம் வர ஒரு மாதம் இருக்கும்போதே வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்குவார், உங்களைக் கேட்காமல் அதில் சேர்ப்பார், நீங்கள் வெளியேறினால் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி சேர்ப்பார், டீசரை எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று அணையின் நீர்மட்டம் சொல்வதுபோல மணிக்கொரு தடவை அறிவிப்பார், டிக்கெட் கிடைக்குமா என்று நீங்கள் லேசாகச் சந்தேகப்பட்டால் மட்டும், "அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்வார். எப்படிப் பார்ப்பார்? கேட்கக் கூடாது. அவருக்கு ஆள் இருக்கிறது.

உரக்கடையில் வேலை பார்க்கும் நம் மணிகண்டபிரபுவுக்குப் புனலூரில் ஆள் இருந்தது. நம் பக்கம் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்குத்தான். மலையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போய்விட்டால் விடியற்காலை நாலு மணிக்கே திரை விலகிவிடும். ஐந்து மணி நேர வித்தியாசம்! அந்த ஐந்து மணி நேரமும் கதை தெரிந்த மனிதராகத் தென்காசிக்குள் நடமாடலாம். இந்தப் பெருமைக்காக ஒருவர் தூக்கத்தை விடமாட்டாரா?

போன ஆடியில் ஒரு பெரிய படம் வந்தபோது பிரபு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் நயினார், சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர். இன்னொருவர் சுடலைராஜ், பட்டாளத்துக்காரர். படம் வரும் நாளோடு அவருடைய விடுப்பு முடிகிறது, அன்று சாயங்காலம் ரயில். அந்தப் படத்தையே அன்று மத்தியானக் காட்சியில் மனைவி உமாராணியோடு சேர்ந்து பார்ப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"அவகூட நான் முதல்ல பாக்குததா சொல்லியிருக்கேன்லே" என்று சுடலைராஜ் இழுத்தார்.

"அங்கன போயி முதல் தடவை பாக்குத மாதிரி மூஞ்சிய வச்சுக்கோ. குத்தாலத்து அருவிக்குக் குளிக்கப் போறோம்னு சொல்லு. சீசன்ல எவன் வீட்டுலயும் சந்தேகப்பட மாட்டாவ" என்றார் பிரபு. நாட்டைக் காக்கிறவர் அந்த ஒரு வாக்கியத்தில் சரணடைந்துவிட்டார்.

நள்ளிரவுக்குக் கார் கிளம்பியது. புளியரை சோதனைச்சாவடியைக் கடந்ததும் பிரபு வண்டியை நிறுத்தச் சொல்லி, 'எல்லை தாண்டியாச்சு' என்று ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். "எல்லைன்னா என்னன்னு எனக்குத் தெரியும்லே, வண்டிய எடு" என்றார் சுடலைராஜ். ஆரியங்காவில் சாயா குடித்தபோது ஒரு படம். டிக்கெட்டைக் கையில் பிடித்து ஒரு படம்.

நாலு மணிக்குத் திரையில் கதாநாயகன் பெயர் வந்தது. பிரபு எழுந்தார், கைப்பேசியும் எழுந்தது. பெயரை எடுத்தார், அறிமுகக் காட்சியை எடுத்தார், காகிதம் கிழித்துப் போடுகிறவர்களை எடுத்தார், விசிலடிக்கிற சுடலைராஜை எடுத்தார். ஆறு அங்குலத் திரையில் படம் பார்க்க அறுபது கிலோமீட்டர் வந்த மனிதர் அவர். இடைவேளையில், 'முதல் பாதி தீ' என்று ஸ்டேட்டஸ் போட்டார். பிறகு ஏசிக் காற்று, சாய்வு இருக்கை, ஒரு ராத்திரித் தூக்கம் பாக்கி. எழுப்பியபோது படம் முடிந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, 'இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை' என்று போட்டார். இழுத்தது படமா, குறட்டையா?

திரும்பும் வழியில் தலையை நனைக்கக் குற்றாலம் போனால், அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. கயிறு கட்டிப் போலீஸ்காரர் நின்றார். சுடலைராஜ் தெருக்குழாயில் தலையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

உமாராணி காப்பியை வைத்தாள். "அருவி எப்படி இருந்துச்சு?"

"ஐந்தருவில நல்ல தண்ணி. சரியான கூட்டம்."

"ராத்திரிலேர்ந்து யாரையும் விடலன்னு நியூஸ்ல சொல்லுதான். ஒங்களுக்கு மட்டும் தொறந்து விட்டானா?" என்றவள் கைப்பேசியை நீட்டினாள். பிரபுவின் ஸ்டேட்டஸில், இரண்டு விரலை வாயில் வைத்து, தலையெல்லாம் காகிதத் துண்டுகளோடு அவள் கணவர். "இது எந்த அருவி?"

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. "பதினோரு மாசம் கழிச்சு வந்திய. ஒரு படம் சேர்ந்து பாப்போம்னுதான கேட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சுடலைராஜ் காப்பியைக் குடிக்கவில்லை. "தப்புதான் உமா" என்றார்.

"கெளம்புங்க. படம் பாக்கத்தான் போறோம். அடுத்து என்ன வரும்னு மூஞ்சில கூடக் காட்டப்பிடாது."

மத்தியானம் தென்காசி தியேட்டரில் அவர்களுக்கு முன்வரிசையில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பிரபு! காலையில் உரக்கடை முதலாளி பரமசிவன், "டீசர்ல வந்த அந்தத் தம்பிக்காரன் கடைசில பொழைச்சானாடே?" என்று கேட்டிருக்கிறார். தென்காசியிலேயே கதை தெரிந்த மனிதருக்கு அது தெரியவில்லை. "அத நீங்க தியேட்டர்லதான் பாக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, வயிற்றுவலி என்று அரைநாள் விடுப்பு வாங்கி வந்திருக்கிறார்.

"அண்ணே, எந்த எடத்துல இழுவை?" என்று உமாராணி பின்னாலிருந்து கேட்டாள்.

பிரபு திரும்பினார். பொய் ஒன்றும் கைவசம் இல்லை. "தூங்கிட்டேன் தங்கச்சி."

"அந்தப் போனை இங்கன தாங்க." வாங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

கை வெறுமையாக இருந்த முதல் பத்து நிமிஷம் பிரபு தவித்துத்தான் போனார். பிறகு வேறு வழியில்லாமல் படம் பார்த்தார். இரண்டாம் பாதியில், திரும்பி வராத தம்பிக்காக அண்ணன் ரயிலடியில் காத்திருக்கும் காட்சி வந்தது. விடியற்காலையில் அதே காட்சியின்போது சுடலைராஜ் பக்கத்து இருக்கைக்காரரிடம் பாப்கார்ன் எங்கே விற்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இப்போது உமாராணியின் கை அவர் கையை இறுகப் பிடித்தது. அடுத்து வருவது தெரிந்தும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. முன்வரிசைத் தொப்பியும் குலுங்கியது.

விளக்கு எரிந்ததும் உமாராணி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். பிரபு முதல் வேலையாக 'இழுவை'யை அழித்தார். "மன்னிச்சிரு தங்கச்சி. ஒங்க மத்தியானத்தை நான்தான் கெடுத்தேன்" என்றார்.

"கெடுக்கப் பாத்திய. முடியல" என்று சொல்லிச் சிரித்தாள் அவள்.

சாயங்காலம் ரயிலடிக்குப் பிரபுவும் போனார். வண்டி நகரும்வரை ஒரு படமும் எடுக்கவில்லை. திருந்திவிட்டார் என்றுதான் நானும் நம்பினேன். ஒன்பது நாள் நம்பினேன். பத்தாம் நாள் அடுத்த படத்தின் முதல் போஸ்டர் வந்தது. புதுக் குழு பிறந்தது. ஐம்பத்திரண்டு பேரில் நானும் ஒருவன். முதல் பதில் எங்கோ மலைமுகட்டில் இருந்த சுடலைராஜிடமிருந்து வந்தது: 'எனக்கும் உமாவுக்கும் சேர்த்துப் போடு. அவளுக்குத் தெரிஞ்சே.'

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரண்டாவது பத்தி படிக்கும்போதே, 'இது அப்படியே உன்னைப் பற்றித்தான்' என்று இதை யாருக்காவது அனுப்பிவிட்டீர்களா? அதுவும், மற்றவர்கள் அனுப்புவதற்கு முன்பாக?