பஸ் ஏறிய பெருச்சாளி

பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது. இதை நான் நீதி போதனையாகச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரு பொய் சொன்னால் அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொன்று கைவசம் இருக்க வேண்டும். எனக்கோ முதல் பொய்யிலேயே சரக்கு தீர்ந்துவிடும்.

எழுபதுகளின் நடுவில் டெல்லி மோதி பாக்கில் தரைத்தள அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம். வசந்தாவுக்கு ஐந்தாவது மாதம். மாயவரத்திலிருந்து வந்தவளுக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. நான் ஆபீஸ் போனபின் அவளுக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள்தான். அந்த அம்மாள் வேலிக்கு மேலாக நாலு சுரை விதையை நீட்டி "லௌக்கி" என்றாள். வசந்தா கற்றுக்கொண்ட முதல் ஹிந்தி வார்த்தை அது. விதை முளைத்துக் கொடி ஓட ஓட, அவள் ஹிந்தியும் கூடவே ஓடியது. மாலையில் நான் வந்ததும் இன்று எத்தனை இலை, எத்தனை வார்த்தை என்று இரண்டையும் ஒப்பிப்பாள்.

அந்தக் கொடிக்கடியில்தான் பெருச்சாளி வந்தது. தினம் காலையில் பாத்தியில் புதிதாக ஒரு மண்மேடு. ஒரு நாள் பாதிக் கொடி வேரறுந்து வாடிக் கிடந்தது. வசந்தா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ கவலைப்படாதே. ரெண்டு நாள்ல பிடிச்சுக் காட்டறேன்" என்றேன். (அதுவரை நான் பிடித்த மிகப் பெரிய பிராணி கரப்பான்பூச்சி. அதுவும் செத்துப்போனது.)

மாடி வீட்டு சர்தார்ஜி, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பரணிலிருந்து ஒரு பழைய இரும்புப் பொறியை எடுத்துக் கொடுத்தார். முதலை வாய் மாதிரி இரண்டு பக்கமும் பல். அது வேலை செய்யும் விதத்தை வசந்தாவுக்கு விளக்கத் துடைப்பத்தை உள்ளே விட்டேன். படார் என்றது. என் கையில் பாதித் துடைப்பம் இருந்தது.

"இது வேண்டாங்க" என்றாள் வசந்தா. "மாசமா இருக்கற வீட்டுல ஆம்பள எந்த ஜீவனையும் கொல்லக் கூடாது. உயிரோட பிடிச்சு எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

என் ஆபீஸ் ரெக்கார்டு அறையில் வெள்ளைக்காரன் காலத்துக் கூண்டுப் பொறி ஒன்று கிடந்தது. மரப்பலகை அடி, கம்பிச் சுவர், மேலிருந்து விழும் கதவு. பியூனிடம் கேட்டு வாங்கி வந்தேன். கொண்டி உடைந்திருந்ததால், கதவு விழுந்தபின் கட்டிவிட ஃபைல் கட்டும் சிவப்பு நாடா கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். சர்க்காரையே கட்டி வைத்திருக்கும் நாடா, ஒரு பெருச்சாளியைக் கட்டாதா?

இரண்டு நாள் மசால் வடை வைத்தோம். சீந்தவில்லை. மூன்றாவது நாள் பஞ்சாபி அம்மாள் கொடுத்த முள்ளங்கிப் பராட்டாவில் ஒரு துண்டு வைத்தோம். விடிந்து பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருந்தது. டெல்லியில் பிறந்து வளர்ந்த பெருச்சாளி. பூனைக்குட்டியைவிடப் பெரிது. என்னைப் பார்த்துப் பன்றி மாதிரி உறுமியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கூண்டைப் பழைய படுக்கை விரிப்பால் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போகிற வழியில் ரிட்ஜ் காடு வரும். அங்கே இறங்கி விட்டுவிட்டு வருவதாகத் திட்டம்.

"யே க்யா ஹை?" என்றார் கண்டக்டர், மூட்டையைக் காட்டி.

உண்மையைச் சொன்னால் இறக்கிவிடுவார். "தோதா" என்றேன். கிளி.

"அச்சா, அச்சா" என்று போய்விட்டார். பொய் இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் என் பிரிவு அதிகாரி சுந்தரேசன் சார் ஏறினார். கோவிலுக்குப் போகிற மயில்கண் வேஷ்டி, கூடவே மாமி. ஆபீஸில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எனக்கு அப்போது அசாமுக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. பிரசவம் வரை டெல்லியில் இருக்க அனுமதி கேட்டு மனு கொடுத்திருந்தேன். அந்த ஃபைல் ஒரு வாரமாக அவர் மேஜைமேல் இருந்தது.

காலியாக இருந்தது எனக்கு எதிர் சீட்டு மட்டும்தான். இருவரும் உட்கார்ந்தார்கள்.

"என்ன அது?" என்றார் சார்.

கண்டக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் என்ன செய்ய? "கிளி, சார்."

மாமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "கிளியா? பேசுமா?"

"இப்பத்தான் கத்துக்குது, மாமி."

"தமிழா, ஹிந்தியா?"

"ரெண்டும்."

"ஏன் இப்படி மூடி வெச்சிருக்கேள்?" என்றார் சார்.

"கொஞ்சம் கூச்ச சுபாவம், சார்."

மாமி விரிப்புக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், குழந்தையைக் கொஞ்சுகிற குரலில், "கண்ணா, ராமா சொல்லு பாப்போம். ராமா, ராமா" என்றாள்.

உள்ளேயிருந்து பெரிதாக ஓர் உறுமல் வந்தது.

மாமி மெல்லப் பின்வாங்கினாள். "தொண்டை கட்டிண்டிருக்கு போலிருக்கே. கொஞ்சம் மிளகு குடுங்கோ."

சார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஆயிரம் பக்க ஃபைலில் ஒரு புள்ளி தப்பியிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்கள் விரிப்பின் ஓரத்தில் நிலைத்திருந்தன. நானும் பார்த்தேன். அங்கே ஒரு முழ நீளத்துக்கு ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது.

"கிளிக்கு வால் பச்சையா இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் சார், மெதுவாக.

அந்த நேரம் பார்த்து சிவப்பு நாடா அறுந்தது. (உள்ளேயிருந்து கடித்துக்கொண்டே வந்திருக்கிறது.) பெருச்சாளி என் மடியில் குதித்து, அங்கிருந்து சாரின் பாதத்தில் இறங்கி, பஸ்ஸின் நடுவே ஓடியது. அடுத்த கணம் சுந்தரேசன் சார் சீட்டின்மேல் நின்றிருந்தார். ஒரு கையில் மேல்கம்பி, ஒரு கையில் வேஷ்டி. பஸ்ஸே சீட்டின்மேல் ஏறியது. டிரைவர் பிரேக் போட்டார். பெருச்சாளி மட்டும் பதறாமல் படிக்கட்டு வழியாக இறங்கிப் புதருக்குள் போனது. ரிட்ஜ் காடு. நான் இறக்கிவிட நினைத்த அதே இடம்.

கண்டக்டர் என்னையும் கூண்டோடு அங்கேயே இறக்கினார். பஸ் நகரும்போது ஜன்னலில் மாமியைப் பார்த்தேன். தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தாள். தோள்கள் குலுங்கின. ஒரு பெரிய மனுஷியை அழவைத்துவிட்டோமே என்று காலி கூண்டோடு நடந்தே வீடு வந்தேன்.

வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அதுக்கு அடி ஒண்ணும் படலியே?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அசாம்ல சுரைக்கொடி வருமாங்க?" என்றாள். நான் கூண்டைக் கொண்டுபோய்க் கொல்லையில் வைத்தேன்.

திங்கட்கிழமை போனதும் போகாததுமாக சார் கூப்பிட்டார். "உட்காருங்கோ" என்றார். அவர் யாரையும் உட்காரச் சொன்னதே கிடையாது. வேலையே போய்விட்டது என்று நினைத்தேன்.

"அதை ஏன் கொல்லலை?"

வசந்தா சொன்னதைச் சொன்னேன். ஒரு ஜீவனைக் காப்பாற்றத்தான் ஒரு பொய் சொன்னேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் மேஜையைப் பார்த்தபடி இருந்தார்.

"நேத்து நாங்க கோவிலுக்குப் போகலை. அடுத்த ஸ்டாப்ல இறங்கிட்டோம். அவளால நிக்க முடியலை, அப்படிச் சிரிப்பு. ராமா சொல்லச் சொன்னேனேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா." என் ஃபைலை முன்னால் இழுத்துக்கொண்டார். "எங்க பையன் போனதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பார்த்ததில்லை. மூணு வருஷம்."

பிறகு என் ஃபைலைப் பிரித்தார். பேனாவைத் திறந்தவர், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல மனைவிக்குப் பிரசவம்னு எழுதியிருக்கேள். இதாவது நிஜம்தானே?"

"நிஜம் சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள், வசந்தாவைப் பார்க்க. அதன்பின் வராத நாள் குறைவு. (அசாம் மாற்றல் பிறகு ரத்தாகியும் விட்டது.) பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான். எங்கள் மகள் சுதாவைக் குளிப்பாட்டி, தூளியில் போட்டு, நடை பழக்கி வளர்த்ததில் பாதி அவள். மாமி காலமாகும்வரை சுதாவுக்கு அம்மா சமையல் எதுவும் மாமி சமையலுக்கு ஈடில்லை.

இப்போது சுதாவுக்கே இரண்டு குழந்தைகள். லீவுக்கு வந்தால் இந்தக் கதையைத்தான் கேட்பார்கள். சுதாதான் சொல்வாள், அவளுடைய டெல்லித் தமிழில்: "தாத்தா பில்குல் பயப்படல, அச்சா? பஸ்ல எல்லாரும் கத்தறாங்க. தாத்தா ஒரே கையால வாலைப் பிடிச்சு, ஜல்தி வெளியே விட்டுட்டார்."

குழந்தைகள் வாயைப் பிளந்து என்னைப் பார்ப்பார்கள். வசந்தா திருத்துவதற்காக வாயெடுப்பாள். பிறகு என் முகத்தைப் பார்ப்பாள்.

"காபி ஆறுது, குடிங்க" என்பாள்.